இரண்டு பட்டியல்களிலும் இல்லாத குடியானவன்

முகலாயர் ஆட்சி என்று பேச்செடுத்தால் நம்மிடையே இரண்டு பட்டியல்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, 1564இல் அக்பர் ஜிஸியா வரியை நீக்கியதையும் பிருந்தாவனக் கோயில்களுக்கு மானியம் அளித்ததையும் சொல்லும். மற்றொன்று, 1669இல் ஔரங்கசீப்பின் ஆணையால் காசி விசுவநாதர் ஆலயம் இடிக்கப்பட்டதையும் 1679இல் அதே ஜிஸியா திரும்பி வந்ததையும் சொல்லும். இரண்டும் உண்மை. எதை மறைத்தாலும் அது வரலாறு ஆகாது. ஆயினும் இந்த வழக்கில் மன்னனின் சமயம் மட்டுமே விசாரிக்கப்படுகிறது. அவனது ஆட்சி விசாரிக்கப்படுவதில்லை.

சமயமே அனைத்தையும் விளக்கிவிடுமா? ஜிஸியாவை மீண்டும் விதித்த ஔரங்கசீப்பின் பிற்காலத்தில்தான், உயர்நிலை மன்சப்தார்களில் இந்துக்களின் பங்கு அக்பர் காலத்தைவிடக் கூடியிருந்தது. இதைப் பெருந்தன்மை என்று போற்றவேண்டியதில்லை. தக்காணப் போரில் மராட்டியத் தலைவர்களை வசப்படுத்தப் பதவிகள் தேவைப்பட்டன, அவ்வளவே.

நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்தப் பேரரசுக்குப் படியளந்தவன் யார்? தோடர்மால் பத்தாண்டு விளைச்சலையும் விலையையும் கொண்டு வகுத்த தீர்வை, விளைச்சலில் மூன்றிலொரு பங்கைப் பணமாகக் கேட்டது. பின்னர் பல இடங்களில் அது பாதியை எட்டியது. ஜாகீர்தார்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றப்பட்டார்கள். நாளை தனக்கில்லாத நிலத்தை இன்றே கறந்துவிட வேண்டும் என்ற அவசரத்தை அந்த ஏற்பாடே உண்டாக்கியது. உழவர்கள் ஊரைவிட்டு ஓடியதை பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் எழுதிவைத்திருக்கிறார். 1630-32இல் குஜராத்திலும் தக்காணத்திலும் பஞ்சம் கொன்று குவித்தது. 1635இல் ஷாஜகான் மயிலாசனத்தில் அமர்ந்தார். இந்த இரண்டு ஆண்டெண்களையும் அடுத்தடுத்து எழுதும் பாடநூல் எத்தனை?

'முஸ்லிம் மன்னர்கள் என்பதால்தான் இப்படி' என்போரை நம் காவிரிக் கரைக்கு அழைக்கிறோம். விஜயநகர ஆட்சியில், 1429இல், அதிகாரிகளின் வரிக்கொடுமை பொறாமல் வலங்கையும் இடங்கையும் பகை மறந்து ஒன்றுகூடி, இனி இன்னதுதான் கொடுப்போம் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். அங்கே அரியணையில் இருந்தவர் இந்து மன்னர். 'எங்கள் ஆட்சி பொற்காலம்' என்போரும் 1672இல் நார்னௌலில் எழுந்த சத்நாமிகளை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே ஆயுதம் எடுத்தவர்களில் உழவரும் கைவினைஞரும் சிறு வணிகரும் இருந்தார்கள்.

இடிக்கப்பட்ட கோயிலை மறக்கச் சொல்லவில்லை நாம். அளிக்கப்பட்ட மானியத்தை மறைக்கவும் சொல்லவில்லை. மன்னர்களின் கடனை அடுத்த வீட்டுக்காரன் தலையில் எழுதாதீர்கள் என்கிறோம். அவனுடைய பாட்டனும் நம்முடைய பாட்டனும் அநேகமாக ஒரே களத்துமேட்டில் நின்று, ஒரே அதிகாரிக்கு நெல்லையோ கோதுமையோ அளந்து கொட்டியவர்கள்தாம்.