பாதிக் கோபுரம் விற்பனைக்கு



கோபுரம் கட்டப் புகுந்து, அடித்தளம் போட்டபின் கைப்பொருள் தீர்ந்து, ஊரார் நகைப்புக்கு ஆளான மனிதனின் உவமையை நீங்கள் ஞாயிறு பூசையில் பலமுறை கேட்டிருப்பீர்கள். புனித லூக்கா தம் நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார். தம் சீடராக வர விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதே ஆண்டவர் அதில் உணர்த்தும் கருத்து. அதை விளக்கி நாமும் இருபது பிரசங்கங்களுக்குக் குறையாமல் செய்திருக்கிறோம். ஆனால் அந்த மனிதன் தன் பாதிக் கோபுரத்தை அப்புறம் என்ன செய்தான் என்று நாம் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அப்படியே விட்டு வைத்தானா, இடித்தானா, அன்றி விலைக்குக் கொடுத்தானா? விலைக்குக் கொடுத்தான் எனில், வாங்க வந்தவனிடம் எதைச் சொன்னான், எதை மறைத்தான்? இக்கேள்வியை நம் முன் வைத்தவர் ஓர் ஆங்கிலேயர். அவருடைய கோபுரமோ நான்கு சக்கரங்கள் உடையது.

2012-ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள ஒரு சிறு பங்கின் குருவானவர் விடுமுறையில் சென்றிருந்த ஆறு வாரமும், அவரிடத்தில் இருந்து பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. வார நாள் பூசைக்கு எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். அவர்களுள் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் உண்டு. ஒருநாள் பூசை முடிந்ததும் தேநீர் அருந்தும்படி நம்மை வீட்டுக்கு அழைத்துச் சென்றவர், தேநீருக்கு முன் கார் ஷெட்டின் கதவைத் திறந்தார். பழைய கம்பளச் சுருள்கள், புல் வெட்டும் பொறி, பெயிண்ட் டப்பாக்கள். அவற்றின் நடுவே மரக்கட்டைகளின் மேல் இரும்புச் சட்டங்களாலான ஒரு கூடு. எஞ்சின் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது, இருக்கைகள் இல்லை, ஒயர்கள் கொத்தாகத் தொங்கின. முன்பக்கம் மட்டும் அழகான பச்சை வண்ணம் பூசப்பட்டிருந்தது.

"இதுதான் என் கார், சுவாமி. அடுத்த கோடைக்குள் முடித்துவிடுவேன் என்று 14 வருடமாக மனைவியிடம் சொல்லி வருகிறேன்" என்றார். மனைவியார் சமையலறையிலிருந்து இருமினார்.

மோட்டார் வண்டியை உறுப்பு உறுப்பாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் நெடுநாளாக உண்டு. அதனைக் 'கிட் கார்' என்பர். லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன் 1957-இல் வெளியிட்ட 'செவன்' என்னும் சிறு வண்டி இவ்வகையில் புகழ்பெற்றது. அக்காலத்தில் முழுமையாகச் செய்து விற்ற காருக்குக் கொள்முதல் வரி என ஒன்று இருந்தது. உறுப்புகளாக விற்றால் அவ்வரி இல்லை. பூட்டும் முறையை விளக்கும் தாளை உடன் வைத்தால் வரி விழுந்துவிடும் என்பதால், கழற்றும் முறையை விளக்கும் தாளை வைத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் போதும் என்று ஒரு கதை வழங்குகிறது. (குருமடத்தில் சில பாடநூல்களை நாமும் அவ்விதமே புரிந்துகொண்டோம்.) 1973 ஏப்ரலில் அந்த வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது, சலுகையும் மறைந்தது. அதே ஆண்டில் செவன் வண்டியின் உரிமை கேட்டர்ஹாம் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறி, இன்றும் அந்நிறுவனம் அதனைச் செய்து விற்கிறது. சலுகை போயும் வீட்டில் கார் பூட்டும் ஆசை மட்டும் மக்களை விட்டுப் போகவில்லை.

1996-இல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டு செலவிலேயே ஒரு விளையாட்டுக் காரை வீட்டில் செய்துகொள்ளலாம் என்று தலைப்பிலேயே கூறும் ஒரு நூலை வெளியிட்டார். கிட் வாங்கவும் வேண்டாம்; சதுர இரும்புக் குழாய்களை அறுத்துத் தாமே வெல்டிங் செய்து அடிச்சட்டம் அமைத்து, பழைய ஃபோர்டு கார் ஒன்றின் எஞ்சினையும் பிறவற்றையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வழி. நம் நண்பரும் அவருடைய அண்ணனும் இந்நூலால் கவரப்பட்டு 1998-இல் வேலையைத் தொடங்கினார்கள். அண்ணன் வெல்டிங் செய்வார். தம்பி விளக்குப் பிடிப்பார். ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தபோது 250 பவுண்டு எங்கோ பின்னால் நின்றுவிட, தொகை ஏறக்குறைய 4,000 பவுண்டாக இருந்தது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். செலவைக் கணக்கிடும்படி ஆண்டவர் சொன்னது வீண் அன்று.

அண்ணன் 2004-இல் நோய்ப்பட்டு இறந்தார். அதன்பின் ஷெட்டின் கதவு அதிகம் திறக்கப்படவில்லை. இப்போது தம்பியின் விரல்கள் மூட்டுவாதத்தால் மடங்க மறுத்தன. மகளும் பேரப்பிள்ளைகளும் அவ்வீட்டிலேயே வந்து தங்க நேர்ந்ததால் ஷெட்டை ஓர் அறையாக மாற்ற வேண்டும். ஆகவே விற்பது என்று முடிவாயிற்று.

இப்படிப்பட்ட பொருளை விற்பதில் ஒரு வினோதம் உண்டு. எஞ்சினைத் தனியே, சக்கரங்களைத் தனியே, விளக்குகளைத் தனியே விற்றால் கிடைக்கும் பணம், அவற்றைப் பூட்டி வைத்த பாதி வண்டிக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. காரணம் எளிது. தனி எஞ்சினை வாங்குகிறவர் எஞ்சினை மட்டும் நம்பினால் போதும். பாதி வண்டியை வாங்குகிறவரோ, தாம் பார்க்காத மாலைப்பொழுதுகளில் முன்பின் அறியாத ஒருவர் செய்த வேலையை நம்பியாக வேண்டும்.

வேறொரு சிக்கலும் உண்டு. வீட்டில் செய்த வண்டி சாலையில் ஓட வேண்டுமானால் அரசாங்கச் சோதனையில் தேறியாக வேண்டும். இதற்கென ஒரு சோதனை 1998-இல் வந்தது. 2009-இல் அதனினும் கடுமையான ஒன்று அதனிடத்தில் வந்தது. பிரேக், ஸ்டீயரிங், இருக்கை வார் பொருந்தும் இடங்கள், புகை, ஒலி, கூரிய விளிம்புகள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். எஞ்சின் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையேல் புகை அளவு சோதனையில் தேறுவது கடினம். எந்தக் காரிலிருந்து எடுத்த உறுப்புகள் என்று நிறுவ முடியாவிட்டால், 'கியூ' என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணையே கொடுப்பார்கள். வண்டியின் வயதோ பிறப்போ உறுதியில்லை என்பதற்கு அது அடையாளம். ஞானஸ்நானப் பதிவேடு காணாமற்போன பங்குகளில் திருமணத்துக்கு வருவோர் படும் பாட்டை நாம் நினைத்துக்கொண்டோம். நம் நண்பர் ரசீதுகளையும் பழைய காரின் பதிவுச் சீட்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

அந்த டப்பாவைக் காட்டிய பின்னரே அவர் தம் மனத்தில் இருந்ததைச் சொன்னார். (இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று; அவருடைய சம்மதம் பெற்றே எழுதுகிறோம்.) முன் இடது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை, ஓர் இரும்புப் பட்டையில் பொருந்தியிருக்கிறது. அந்தப் பட்டையை அண்ணன் வெல்டிங் செய்த நாளில் உருகிய இரும்பு உள்ளே பிடிக்காமல் மேலாகவே படிந்துவிட்டது. அண்ணன் அதை அரத்தால் ராவி, வழவழப்பாக்கி, வண்ணம் பூசிவிட்டார். விளக்குப் பிடித்தவர் தம்பி. ஆகவே அவருக்குத் தெரியும். இப்போது பார்ப்பவர் எவருக்கும் தெரியாது. சோதனை அதிகாரியும் கண்ணால் பார்ப்பாரேயன்றி எதையும் அறுத்துப் பார்க்கமாட்டார்.

"வாங்க வருகிறவர் கேட்காவிட்டாலும் நான் சொல்லித்தான் ஆக வேண்டுமா, சுவாமி?"

தனியார் ஒருவர் மற்றொருவருக்கு விற்கும்போது, வாங்குகிறவனே விழித்திருக்க வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கோட்பாடு. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லலாகாது. கேளாத குறையை வலியச் சொல்லும் கடமை பொதுவாக இல்லை. ஆயின் புனித தாமஸ் அக்குவினாஸ் இவ்விஷயத்தில் சட்டத்தைவிடக் கண்டிப்பானவர். தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில், 77-ஆம் கேள்வி முழுவதும் வாங்கல் விற்றலைப் பற்றியதே. அதில் அவர் இரு குதிரைகளைக் காட்டுகிறார். ஒன்றுக்கு ஒரு கண் இல்லை. அது எவர் கண்ணுக்கும் தெரியும் குறை. விலையைத் தக்கபடி குறைத்துவிட்டால், வாயால் சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. மற்றொன்று நொண்டி, அதை ஓட்டத்தில் சிறந்தது என்று விற்கிறான் ஒருவன். இடிந்து விழப்போகும் வீட்டை உறுதியான வீடு என்றும், கெட்ட உணவை நல்ல உணவு என்றும் விற்பதும் அவ்வகையே. மறைந்திருந்து, வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ விளைவிக்கும் குறையைச் சொல்லாமல் விற்பவன் வஞ்சகம் செய்கிறான். ஏற்பட்ட சேதத்தை ஈடுசெய்யவும் கடமைப்பட்டிருக்கிறான் என்பது அவர் தீர்ப்பு.

இருக்கை இல்லாததும் ஒயர் தொங்குவதும் ஒற்றைக்கண் குதிரை. வண்ணத்துக்கு அடியில் இருக்கும் வெல்டிங் நொண்டிக் குதிரை. விரைந்து செல்லும் வேளையில் அது விட்டுவிட்டால், ஓட்டுகிறவரோடு பக்கத்தில் இருப்பவரும் எதிரே வருபவரும் போக நேரிடும். சொல்லியே ஆகவேண்டும் என்றோம்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. விலை குறையுமே என்பதுதான் கவலை என்று நாம் நினைத்தது தவறு. "அண்ணி அடுத்த தெருவில்தான் இருக்கிறார். ஊரில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். அண்ணன் செய்த வேலை பழுது என்று நான் எப்படிச் சொல்லித் திரிவேன்?" என்றார்.

இதற்கு அக்குவினாஸ் நேராக ஒன்றும் சொல்லவில்லை. இறந்தவரின் நற்பெயரும் காக்கப்பட வேண்டியதே. ஆனால் அதைக் காக்க உயிரோடிருக்கும் ஒருவரை அபாயத்தில் நிறுத்தலாகாது என்பது நமக்குத் தெளிவாயிருந்தது. எனினும் கல்லூரிப் பாடம்போல் அதை அவ்வேளையில் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கொலோன் பேராலயத்தைப் பற்றிப் பேசினோம். 1248-இல் தொடங்கிய அவ்வாலயத்தின் வேலை 16-ஆம் நூற்றாண்டில் நின்று போயிற்று. பாதிக் கோபுரத்தின் உச்சியில் பாரந்தூக்கி நூற்றாண்டுகளாக நின்றுகொண்டே இருந்தது. பின்னர் பழைய முகப்பு வரைபடத்தின் ஒரு பாதி 1814-இல் டார்ம்ஸ்டாட் நகரிலும், மறு பாதி 1816-இல் பாரிஸிலும் அகப்பட்டன. கத்தோலிக்கர் அல்லாத பிரஷ்ய அரசரே 1842-இல் மீண்டும் அடிக்கல் நாட்ட, 1880-இல் வேலை முடிந்தது. தொடங்கியவர்களின் தாள்கள் உண்மையானவையாக இருந்தபடியால் அந்நியரால் முடிக்க முடிந்தது. நண்பர் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். "முதலில் அண்ணியிடம் போகிறேன்" என்றார்.

போனார். அண்ணியார் கோபித்துக்கொள்ளவில்லை, ஒன்றும் பேசவுமில்லை. மாடிக்குச் சென்று, கணவரின் கைக்குறிப்பேடு ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். அதன் கடைசிப் பக்கங்களில் ஒன்றில், முன் இடது கீழ்ப்பட்டையை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும் என்று அண்ணனே தம் கையால் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். நோய் முந்திக்கொண்டது.

அதன்பின் தம்பி அந்த இடத்து வண்ணத்தைத் தாமே சுரண்டி, சுற்றிலும் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு வைத்தார். முதலில் வந்த இளைஞர் வட்டத்தைக் கண்டதும் நன்றி சொல்லிப் போய்விட்டார். நாம் ஊர் திரும்பும்வரை வேறெவரும் வரவில்லை. மனைவியார் நம்மைச் சற்று வருத்தத்தோடு பார்த்ததாகவே நமக்குத் தோன்றியது; தேநீரில் மட்டும் குறைவைக்கவில்லை.

அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் ஒருவர் வந்து, விளக்கோடு வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் படுத்திருந்து, மற்ற எல்லா இணைப்புகளையும் தட்டிப் பார்த்தாராம். வட்டம் போட்ட இடம் தவிர மற்றவை நல்ல கைவேலை என்று அண்ணியார் காதுபடச் சொன்னாராம். 1,500 கேட்ட இடத்தில் 1,100 பவுண்டு கொடுத்து, பிஸ்கட் டப்பாவோடு வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். குறிப்பேட்டையும் கேட்டார்; அண்ணியார் கொடுக்க மறுத்துவிட்டபடியால், வேண்டிய பக்கங்களை நகலெடுத்துக் கொடுத்தார்கள். ஷெட்டில் இப்போது பேரப்பிள்ளைகளின் கட்டில் கிடக்கிறது. கடிதத்தோடு 10 பவுண்டு நோட்டு ஒன்றும் இருந்தது. அண்ணனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக நம் கோவிலில் ஒரு பூசை வைக்கும்படி கேட்டிருந்தார்.