"நாம குளிக்கலாமா?" – இதுல என்ன தப்பு?

ஹேக்கத்தான் வந்தாலே முதியோருக்கு ஆப் செய்யும் டீம் ஒண்ணாவது இருக்கும். மாத்திரை நேரத்துக்கு அலாரம், வழி தவறினா கண்டுபிடிக்க ஜிபிஎஸ் பட்டை. நல்ல விஷயம்தான். ஆனா மறதிநோய் வந்தவங்களோட நாள் எப்படிப் போகும்னு தீர்மானிக்கிறதுல சென்சாரை விடப் பெரிய பங்கு, பக்கத்துல இருக்கிறவர் பேசும் விதத்துக்கு உண்டு.

அமெரிக்க முதியோர் இல்லங்களில் செவிலியர் துறை ஆய்வாளர் கிறிஸ்டீன் வில்லியம்ஸின் குழு ஒரு வேலை செய்தது. மறதிநோய் உள்ள 20 பேருக்கு ஊழியர்கள் குளிப்பாட்டி உடை மாற்றுவதை வீடியோ எடுத்து, எந்தப் பேச்சுக்குப் பின் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். 2009-ல் முடிவு வெளியானது. குழந்தையிடம் பேசுவது போலக் கொஞ்சிப் பேசியபோது அவர்கள் கையைத் தட்டிவிடுவது, கத்துவது, முகம் திருப்புவது போன்ற எதிர்ப்புக்கான வாய்ப்பு 55 சதவீதம். சாதாரணமாகப் பேசியபோது 26 சதவீதம்.

கொஞ்சல்னா என்ன? குரலை உயர்த்தி இழுப்பது, "செல்லம்" என்பது, "நாம இப்ப குளிக்கலாமா?" என்பது. குளிக்கப் போறது ஒருத்தர்தான். அந்த "நாம"வுக்குள்ள அவரோட விருப்பம் காணாமப் போயிடுது. வார்த்தை மறந்தாலும், தன்னைச் சின்னப் பிள்ளையாக நடத்துறாங்கன்னு புரிஞ்சுக்கிற உணர்வு சீக்கிரம் போயிடாது.

"பாசத்துல பேசுறது தப்பா? நம்ம வீட்டுல பாட்டியைக் கண்ணுன்னு கூப்பிடுறோமே!"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பேத்தி சொல்லும் "கண்ணு"வுக்குப் பின்னால் இருபது வருஷ உறவு இருக்கு. நேத்து வேலைக்குச் சேர்ந்தவர், நாற்பது வருஷம் வாத்தியாரா இருந்தவரிடம் அதையே சொன்னா அது வேற.

இதன் விளைவு மனவருத்தத்தோட நிக்காது. எதிர்ப்பவருக்கு "முரட்டு ஆள்"னு பேர் வரும். பிறகு அடக்கி வைக்க மாத்திரை வரும். மறதிநோய் உள்ள முதியோருக்கு மனநோய் மருந்துகள் தந்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது.

இதே வில்லியம்ஸ் குழு 13 இல்லங்களில் ஊழியர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு மூன்று நடத்தியது. கொஞ்சல் குறைந்தது, எதிர்ப்பும் குறைந்தது. மொத்தச் செலவு மூணு மணி நேரம்! ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. கை போதாத இடத்துல அவசரமா வேலை பாக்குறாங்க. அவங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரலை, அவ்வளவுதான்.

அதனால உங்க ப்ராஜெக்ட் முதியோருக்கானதா இருந்தா, அது பேசும் வாக்கியங்களை முதலில் சரிபாருங்க. கண்ணுக்கு நேரா வந்து, பேரோட மரியாதையும் சேர்த்து, ஒரு தடவைக்கு ஒரே கேள்வி: "ஐயா, இப்ப குளிக்கிறீங்களா, காபி குடிச்சிட்டா?" பதில் வர நேரமாகும். காத்திருங்க. சர்வர் ரெஸ்பான்ஸுக்குக் காத்திருக்கிற நமக்கு இது முடியாதா?