பிரியாணிக்கு அடுத்த நாள்

நம்ம காலேஜ்ல ஒரு நல்ல பழக்கம் இருக்கு. யாருக்காவது பிறந்தநாள் வந்தா, ட்ரீட் காசுல கொஞ்சத்தை ஒதுக்கி, பக்கத்துல இருக்கிற குழந்தைகள் இல்லத்துக்குப் போய் பிரியாணி போட்டு கேக் வெட்டுவாங்க. கொடுக்கிற மனசை நான் குறை சொல்லல. அடுத்த நாள் அங்கே என்ன நடக்குதுன்னு யாரும் கேட்கிறதில்லை, அதைப் பத்திதான் எழுதுறேன்.

எங்கள் கிளப் சார்பா நாமக்கல் பக்கம் ஒரு இல்லத்துக்கு இரண்டு வருஷமா போய் வர்றேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு கொடுக்க ஒரே நேரத்துல மூணு குரூப் போன் பண்ணும். செவ்வாய்க்கிழமைக்கு ஆளே இருக்காது. கரண்ட் பில், ராத்திரி தங்குற அக்காவோட சம்பளம், செப்டிக் டேங்க் லாரி, பெரிய பொண்ணுங்களுக்கு நாப்கின்... இதுக்கெல்லாம் ஸ்பான்சர் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. செப்டிக் டேங்க் முன்னாடி நின்னு யார் செல்ஃபி எடுப்பாங்க?

செல்ஃபின்னதும் ஒரு விஷயம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ன்படி இந்தக் குழந்தைகளோட அடையாளம் தெரியும்படி படம், பேர் எதையும் வெளியிடக் கூடாது. ஆறு மாசம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். உங்க இன்ஸ்டா ஸ்டோரியும் அதுல சேர்த்திதான்.

குழந்தைகளைக் காப்பாத்துறதுல நம்ம ஊருக்குன்னு ஒரு வரலாறு உண்டு. பெண் சிசுக்கொலைக்கு எதிரா தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதல்ல ஆரம்பிச்சது சேலத்துலதான். அப்போ நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள்ளதான் இருந்தது. ஆனா இன்னைக்கு இல்லத்துல இருக்கிற எல்லாக் குழந்தையும் அப்படி விடப்பட்டவங்கன்னு நினைச்சுக்காதீங்க. நான் பார்த்த பல பிள்ளைங்களுக்கு அம்மா இருக்காங்க. தறிக்கோ கோழிப்பண்ணைக்கோ வேலைக்குப் போற அம்மா. வீட்ல விட்டுட்டுப் போக ஆள் இல்லாததால இங்கே சேர்த்திருக்காங்க.

இங்கேதான் எனக்கு இடிக்குது. மிஷன் வாத்சல்யா திட்டத்துல இல்லத்துல இருக்கிற ஒரு குழந்தையோட பராமரிப்புக்கு மாசம் 3,000 ரூபாய். அதாவது ஒரு நாளைக்கு நூறு. சாப்பாடு, துணி, சோப்பு எல்லாம் அதுக்குள்ள (நம்ம மெஸ் பில்லை ஒரு தடவை எடுத்துப் பாருங்க). அதே திட்டத்துல, தகுதியுள்ள குழந்தை சொந்த வீட்லயே வளர மாசம் 4,000 ரூபாய் உண்டு. இதுக்குக் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விண்ணப்பிக்கணும். தறி வேலைக்குப் போற அம்மா வருமானச் சான்றிதழுக்கு எத்தனை நாள் லீவு போட முடியும்? ஒரு மதியம் அவங்க கூடப் போய் ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தா, நம்ம நூறு பிரியாணியைவிட அது பெரிய உதவின்னு நான் நினைக்கிறேன். ருவாண்டாவுல 2012-லயே இல்லங்களைப் படிப்படியா மூடி, குழந்தைகளைக் குடும்பங்களுக்கு அனுப்ப முடிவு பண்ணாங்க. அதை அப்படியே இங்கே செய்ய முடியாது. போக வீடே இல்லாத பிள்ளைங்களுக்கு நல்லா நடக்கிற இல்லம் கண்டிப்பா வேணும்.

அவங்களுக்கும் 18 வயசு முடிஞ்சா வெளியே போகணும். நான் 18-ல ஹாஸ்டல்ல சேர்ந்தப்போ அப்பா பெட்டி தூக்கிட்டு வந்தார், அம்மா ஊறுகாய் பாட்டிலை நாலு கவர்ல சுத்திக் கொடுத்தாங்க. அந்த இல்லத்துல இருந்து போன வருஷம் வெளியே போன பையன் ஒரு ட்ராவல் பேக்கோட பஸ் ஏறினான். 21 வயசு வரை பின்னுதவி தரலாம்னு சட்டத்துல இடம் இருக்கு. எனக்கு இப்போ 21. இன்னும் பேங்க் ஃபார்ம் நிரப்ப அப்பாவுக்குத்தான் போன் பண்றேன். அவன் யாருக்குப் பண்ணுவான்?

அதனால இந்த செமஸ்டர்ல இருந்து கிளப்ல கேக் செலவை நிறுத்திட்டோம். அறுபது பேர், ஆளுக்கு மாசம் 50 ரூபாய். கணக்குக்கு 3,000. காசு பதிவு பெற்ற இல்லத்தோட பேங்க் அக்கவுண்டுக்கே போகும், ரசீது வாங்கிடுவோம். ராத்திரி தங்குற அக்காவோட சம்பளத்துல அது ஒரு பங்கு. எக்ஸாம் லீவு, செமஸ்டர் லீவு எல்லாம் நமக்குத்தான், அந்தக்காவுக்குக் கிடையாது. இந்த மாசம் ஏழு பேர் இன்னும் அனுப்பல. லிஸ்ட் என்கிட்ட இருக்கு, ஜிபே நம்பர் குரூப்ல பின் பண்ணியிருக்கு.