யாருக்குக் கைதட்டினாய்?

இம்மலருக்குக் கட்டுரை வேண்டுமென ஆசிரியர் கேட்டபோது கல்லூரி மைதானத்தைப் பற்றியே எழுத எண்ணினேன். அண்மையில் நம் பழைய மாணவர் ஒருவர், "தோட்டத்து ஆட்கள் கிறிக்கெற்றில் எந்தப் பக்கம்?" என்று நகைத்தவாறு வினவினார். அவ்வினா என் எண்ணத்தை மாற்றிற்று.

1996 மார்ச் 13 ஆந் திகதி, கல்கத்தாவில் உலகக் கிண்ண அரையிறுதி. இரத்தினபுரிக்கு அப்பால் எங்கள் றப்பர்த் தோட்டத்து லயத்திற்கு அன்று மின்சாரம் வரவில்லை. கார் பற்றரியிற் பொருத்திய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியொன்று லயம் முழுவதற்கும் பொது. வாசலிற் சாக்கு விரித்து அமர்ந்தோம். விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லவேண்டியவர்களும் உறங்கவில்லை.

இளைஞராகிய நாங்கள் இலங்கையின் பக்கம். தாத்தா இந்தியாவின் பக்கம். இலங்கை 251 ஓட்டங்கள் எடுத்தது. ஒரு விக்கெற்றுக்கு 98 என நின்ற இந்தியா, டெண்டுல்கர் 65 ஓட்டங்களுடன் வீழ்ந்தபின் 8 விக்கெற்றுக்கு 120 எனச் சரிந்தது. இரசிகர் போத்தல்களை எறிந்து தீயும் மூட்டினர். ஆட்டம் இலங்கைக்கு வழங்கப்பட்டது. நாங்கள் துள்ளினோம். தாத்தா எழுந்து காம்பராவுக்குள் சென்றார். "கெழவர் அப்பவே கப்பலேறியிருக்கலாம்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம், நானுஞ் சிரித்தேன்.

அச்சிரிப்பை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தாத்தாவை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. அவரைக் கேட்டுப் பங்கிடவில்லை. அக்காள் முன்னரே சென்றுவிட, தாத்தா இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றுக் காத்திருந்தார். 1984 இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கடவுச்சீட்டு தகரப்பெட்டியிற் கிடந்தது. 2003 இற் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர் உயிருடன் இல்லை.

1990 இல் இங்கிலாந்து அரசியல்வாதி நோர்மன் டெபிற், குடியேறியோரின் பற்றை அவர்கள் எவ்வணிக்கு ஆரவாரிக்கின்றனர் என்பதைக் கொண்டு சோதிக்கலாமெனக் கருதினார். தோட்டத்து மக்களை அச்சோதனைக்கு நிறுத்துவோர் இங்கும் உளர். கைதட்டல் சத்தியக் கடதாசி அன்று. அக்காளைக் கடலுக்கு அப்பால் அனுப்பியவர் அக்கரைக்குக் கைதட்டுவது துரோகமாகாது. இங்கேயே பிறந்து வளர்ந்த பேரன் இலங்கைக்குத் துள்ளுவது நன்றிகேடும் ஆகாது. இரண்டும் ஒரே லயத்து வாசலில் நிகழ்ந்தன. இன்று ஆளுக்கொரு கைத்தொலைபேசியில் ஆட்டம் பார்க்கிறோம். அருகிலிருப்பவர் எவருக்காக ஏங்குகிறார் என்பதே தெரிவதில்லை.

நான்கு நாள் கழித்து லாகூரில் இறுதியாட்டம். ஞாயிற்றுக்கிழமை. தாத்தா வரமாட்டாரென்றே எண்ணினோம். முரளிதரன் பந்துவீசத் தொடங்கியதும் வாசற்படியில் வந்து நின்றார்.

"அந்தப் புள்ள யாருடா?"

"கண்டி, தாத்தா. அவரு தாத்தாவும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவருதானாம்."

சாக்கில் அமர்ந்துவிட்டார். முரளி 10 ஓவர்களில் 31 ஓட்டங்களே கொடுத்தார். அவுஸ்திரேலியா 241. இலங்கை 23 ஓட்டங்களுக்கு இரு விக்கெற்றுகளை இழந்தபோது, வாசலில் மூச்சொலி தவிர வேறொலி இல்லை. அரவிந்த டி சில்வா நிலைத்து நின்றார்.

அவர் சதத்தை நெருங்கிய வேளையிற் பற்றரி இறங்கிற்று. படம் சுருங்கிப் புள்ளியாகி மறைந்தது. தாத்தா உள்ளே சென்று தம் வானொலிப்பெட்டியை எடுத்து வந்தார். இரைச்சல் மிகுதி, அவர் காதுக்கு மட்டுமே கேட்டது. அரவிந்த 107, ஏழு விக்கெற்றுகளால் வெற்றி என்பதுவரை ஒவ்வோர் ஓட்டத்தையும் அவரே எங்களுக்கு உரக்கச் சொன்னார்.