சொந்தத்தில் கொடுப்பதற்கு முன்

காலையில் நடக்கப் போகும்போது கோரிமேடு ஜிப்மர் வாசலில் கூட்டத்தைப் பார்ப்பேன். விழுப்புரம், கடலூர் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். கைக்குழந்தையோடு நிற்கும் தாயைக் கண்டால் என் அக்கா ஞாபகம் வந்துவிடும்.

அக்காவை எங்கள் தாய்மாமாவுக்கே கொடுத்தார்கள். சொத்து வெளியே போகாது, பெண்ணும் கண்ணெதிரே இருப்பாள் என்றார்கள். பிறந்த இரண்டு பிள்ளைகளும் ரத்தம் ஊறாமல் இரண்டு வயதுக்குள் போய்விட்டன. அக்கா ராசியில்லாதவள் என்றது ஊர். சொந்தத்தில் கட்டியதால் இருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னது இரண்டாவது பிள்ளையும் போன பிறகுதான்.

தலசீமியா போன்ற நோயின் மரபணு தாய், தகப்பன் இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே குடும்பத்தில் கட்டும்போது இருவரிடமும் அதே மரபணு இருக்க இடம் அதிகம். அதற்காக நடுங்கவும் வேண்டாம். பொதுவாக 100 பிள்ளைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். தாய்மாமன் என்றால் இன்னும் கூடும்.

நான் பிரெஞ்சில் படித்தவன். பிரான்சின் கோத் சிவில், 163ஆம் பிரிவில், மாமன் அக்காள் மகளைக் கட்டுவதைத் தடுக்கிறது. விலக்கு வேண்டுமானால் குடியரசுத் தலைவரே தர வேண்டும். நம்மூர் ரெனோன்சான்களுக்கு அதுதான் சட்டம். 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டமும் தடுக்கிறது, ஆனால் குல வழக்கம் இருந்தால் செல்லும் என்று வழி விட்டிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்: சட்டத்தால் மட்டும் இந்த வழக்கம் மாறாது.

வேண்டியது வேறு. கல்யாணத்துக்கு முன்பே, ஆரம்ப சுகாதார நிலையத்தில், இலவச ரத்தப் பரிசோதனையும் நிதானமாக விளக்கிச் சொல்ல ஒரு ஆளும். எல்லா நோயும் அதில் தெரியாது. தலசீமியாவும் அரிவாள் செல் சோகையும் தெரிந்துவிடும். முடிவு சம்பந்தப்பட்டவரைத் தவிர யாருக்கும் போகக் கூடாது. போனால் அந்தப் பெண்ணுக்கு வேறு வரனும் வராது.

அரிவாள் செல் சோகைக்காக 2023 ஜூலையில் மத்திய அரசு ஒரு இயக்கம் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது குறி. அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

பேரப்பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் வயதில் இருக்கிறோம். ஜாதகத்தோடு ரத்தத்தையும் பாருங்கள். அக்காவுக்கு இப்போது 80 வயது. இன்றும் தன் ராசியைத்தான் குறை சொல்கிறாள்.