பூனைக்கு ஆட்டு மருந்து ஆகாது



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகையில், செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் குர்பானி ஆடுகள் வந்து சேர்கின்றன. கொல்லையில் கட்டிய ஆட்டின் காதுமடலிலும் வாலடியிலும் உண்ணிகள் கொத்தாய் ஒட்டியிருக்கக் கண்டால், வீட்டார் உண்ணி மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து தெளிப்பது வழக்கம். அதில் பிழையில்லை. மீதமாகும் கலவையில்தான் ஆபத்து இருக்கிறது.

திண்டிவனத்தில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில், பூனையும் சொறிந்துகொண்டே திரிகிறதே என்று எண்ணிய மூதாட்டி, வாளியில் எஞ்சிய ஆட்டு மருந்தால் அதனைக் குளிப்பாட்டினார். அஸருக்குப் பின் நடந்தது இது. மஃரிபு நேரத்தில் பூனைக்கு உடல் நடுக்கம் கண்டது. இஷாவுக்குள் வலிப்பு வந்தது. பஜ்ருக்கு முன் இறந்துவிட்டது. “இரக்கப்பட்டல்லவா செய்தேன்” என்று அவர் பல நாள் அழுதார். அவரைக் குறை கூறுவது என் எண்ணமன்று. அந்தப் புட்டியை விற்றவரும் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை.

காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். ஆடு, மாடு, நாய்களின் உண்ணிக்குப் பயன்படும் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஆகவே ஆடு தாங்கும் மருந்து பூனையின் நரம்புகளைத் தாக்குகிறது. அமிட்ராஸ் என்னும் மருந்தும் பூனைக்கு ஆகாது. மேலே ஊற்றாவிட்டாலும், பூனை தன் உடலை நக்கி நக்கியே சுத்தம் செய்வதால் நஞ்சு உள்ளே போய்விடும். தவறிப் பட்டுவிட்டால், பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு உடனே கழுவித் துணியில் போர்த்திக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

பூனையை வதைப்பது நம் மார்க்கத்தில் எத்துணைப் பெரிய குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். உணவு கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் பூனையை அடைத்துவைத்த பெண் தண்டனைக்குள்ளானதை நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். நம்மிடையே சுற்றித் திரியும் அப்பிராணி அசுத்தமன்று என்பதும் அவர்கள் காட்டிய வழியே. ஆதலால்தான் தொழுகை விரிப்பில் பூனை சுருண்டு படுத்தாலும் நாம் விரட்டுவதில்லை. ஆனால் அவ்விரிப்பில்தான் தெள்ளுப்பூச்சி குடியேறுகிறது.

பூனையின் மேல் நாம் காணும் தெள்ளுகள் சிறுபகுதியே. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். அவை உதிர்ந்து பாயிலும் மெத்தையிலும் தரைப் பிளவுகளிலும் விழுந்து புழுவாகி, கூடு கட்டி, மாதக்கணக்கில்கூட உள்ளேயே காத்திருக்கும். ஆகவே பூனைக்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. அது படுக்கும் துணிகளையும் விரிப்புகளையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். கட்டிலுக்கு அடியில் பெருக்கிய குப்பையை உடனே வெளியேற்றுங்கள். தெள்ளு உண்டா என்ற ஐயம் இருந்தால், பூனையின் முடியிலிருந்து உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் தேயுங்கள். செந்நிறம் படர்ந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம்.

ஆடையில் தெள்ளின் இரத்தம் சிறிது பட்டுவிட்டால் தொழுகை என்னாகும் என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். பிக்ஹு நூல்களில் இதனைத் தனியாகவே பேசியிருக்கிறார்கள். ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளிலும் அச்சிறு அளவு தொழுகைக்குத் தடையில்லை.

எட்டு வாரம் நிரம்பாத குட்டிக்குப் பேன்சீப்பே போதும். வாரி எடுத்த தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். வளர்ந்த பூனைக்கு, பூனைக்கென்றே விற்கும் பிப்ரோனில் அல்லது செலமெக்டின் சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில், நாக்கு எட்டாத பிடரியில் இடலாம். முயல் வளர்ப்போர் கவனிக்க: பிப்ரோனில் முயலுக்கு நஞ்சு.

இனி ஆட்டுக்கு வருவோம். ஒட்டிய உண்ணியை மண்ணெண்ணெய் தடவியோ தீக்குச்சி காட்டியோ எடுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள். கொட்டகைச் சுவரின் வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். குர்பானிக்குரிய ஆடாயின் இன்னொன்றும் உண்டு. ஐவர்மெக்டின் ஊசி போன்றவை இறைச்சியில் சில வாரங்கள் தங்கியிருக்கும். அறுக்கப்போகும் நாளை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி மருந்து கேளுங்கள்.

மழைக்காலத்தில் நம் பக்கம் பேசப்படும் “உண்ணிக் காய்ச்சல்” பெரும்பாலும் ஆட்டு உண்ணியால் வருவதன்று. புதர்களிலும் எலிகளிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத வேறொரு சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பிலோ சுட்ட தழும்பு போன்ற கரிய பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற மருந்தால் குணமாகிறது; தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

கால்நடைக்கு அவசர உதவி தேவைப்படுவோர் 1962 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். அழைக்கும்போது மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பெயரையும் பட்ட நேரத்தையும் சொல்லுங்கள்.