சந்தனமும் ஒரு வகைப் புல்லுருவிதான்!

ஒருவரைப் புல்லுருவி என்று சொன்னால் சண்டைக்கு வருவார். சந்தனம் என்றால் பூரித்துப் போவார். ஆனால் தாவரவியலில் இரண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள் மாதிரி. புல்லுருவி கிளையில் ஒட்டிக்கொண்டு வெளியே தெரிகிற மாதிரி உறிஞ்சுகிறது. சந்தனம் அதையே மண்ணுக்கு அடியில் செய்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்!

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில், ஜவ்வாது மலையில் இருக்கிறது அமிர்தி. போகிறவர்கள் பெரும்பாலும் மானையும் மயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த மலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சந்தனம். மலைக்கு அந்தப் பக்கம் திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கே இருக்கிறது.

சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருப்பதால் மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆனால் வளர்வதற்கு வேண்டிய தழைச்சத்து, மணிச்சத்து போன்றவை அதன் சொந்த வேரால் போதிய அளவு கிடைப்பதில்லை. அதனால் பக்கத்து மரம், செடிகளின் வேரைத் தேடிப் போய், சின்னச் சின்ன உறிஞ்சு உறுப்புகளால் பற்றிக்கொண்டு எடுத்துக்கொள்கிறது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பார்பர், இந்த உறுப்புகளைப் பற்றி 1906, 1907-லேயே விரிவாக எழுதிவிட்டார்.

நூறு வருஷத்துக்கு மேலாகியும் இது நம் மண்டையில் ஏறவில்லை என்பதுதான் வருத்தம். "சந்தனம் நட்டால் கோடீஸ்வரன்" என்ற பேச்சை நம்பி, கன்றை வாங்கி வரிசையாக நட்டு, மற்ற செடிகளைக் களை என்று பிடுங்கிப் போட்டால் என்ன ஆகும்? கன்று வெளிறி, வளராமல் நின்றுவிடும். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் துவரையைத் துணைக்கு வைக்கிறார்கள். பிறகு சவுக்கு, புங்கன் என்று நீண்டகாலத் துணை. வாசனையுள்ள வைரம் பாயவே பத்துப் பதினைந்து வருஷம் வேண்டும். அதுவரை சோறு போடுவது அந்தத் துணை மரங்கள்தான்.

காட்டுக்கும் இதே கணக்குத்தான். அழியும் ஆபத்துள்ள மரம் என்று 1998-லேயே சர்வதேசப் பட்டியலில் சந்தனம் ஏறிவிட்டது. உடனே எல்லோருக்கும் திருடர்கள் ஞாபகம் வருகிறார்கள். திருட்டைத் தடுக்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் சந்தன மரத்துக்கு மட்டும் காவல் போட்டுவிட்டு, சுற்றியிருக்கும் பெயர் தெரியாத புதரும் செடியும் தீயில் எரிந்தால் கவலைப்படாமல் இருப்பது எந்த வகைப் பாதுகாப்பு?

தேய்ந்தாலும் மணம் குறையாது என்று சந்தனக் கட்டையைப் புகழ்கிறோம். அந்த மணத்துக்கு வேரைக் கொடுத்த மரங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அமிர்திக்குப் போகிறவர்கள் அடுத்த முறை அந்தப் புதர்களையும் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கட்டும்!